குப்பை பிறக்குமுன்

உள்ளாட்சி அமைப்புகள் வரையும் குப்பைத் திட்டங்களில் பெரும்பாலானவை, குப்பை பிறந்து தெருவுக்கு வந்துவிட்ட கட்டத்திலிருந்தே தொடங்குகின்றன. எத்தனை வண்டிகள் தேவை, எத்தனை தூய்மைக் காவலர்கள் தேவை, உரக்குழியை எங்கே வெட்டுவது, மிஞ்சுவதை எந்தப் புறம்போக்கில் கொட்டுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் அவற்றில் விடை இருக்கும். அந்தக் குப்பை எதனால் பிறந்தது, பிறக்காமலே இருந்திருக்க வழியுண்டா என்ற கேள்விக்கு மட்டும் அவற்றில் இடம் இருப்பதில்லை. இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்மேற்கில், மன்னார் வளைகுடாவை ஒட்டி அமைந்த கடலாடி வட்டாரம், இந்த விடுபட்ட கேள்வியை ஆராய்வதற்கு மிகவும் ஏற்ற களமாகும். மழை குறைந்த, நிலத்தடி நீர் உவர்ந்த, ஊர்கள் ஒன்றுக்கொன்று தள்ளிக் கிடக்கும் இத்தகைய நிலத்தில், குப்பையைச் சேகரித்து ஒழிக்கும் முறைகளின் எல்லை விரைவிலேயே தென்பட்டுவிடுவதோடு, குப்பை எந்தெந்தத் தேவைகளிலிருந்து பிறக்கிறது என்பதும் மறைவின்றித் தெரிகிறது.

மூலத்திலேயே குறைத்தல் என்பது, ஒரு பொருள் கழிவாக மாறுவதற்கு முந்தைய கட்டங்களில், அதாவது அது செய்யப்படும்போதும், பொதியப்படும்போதும், விற்கப்படும்போதும், வாங்கப்படும்போதும் தலையிட்டு, கழிவின் அளவையோ நச்சுத்தன்மையையோ தணிப்பதாகும். இதனை வீட்டில் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியே வைக்கும் தரம் பிரித்தலோடு பலர் ஒன்றாகக் கருதிவிடுகின்றனர். தரம் பிரிப்பது மிகவும் தேவையான பணியே ஆயினும், அதனால் குப்பையின் எடையில் ஒரு கிராம்கூடக் குறைவதில்லை. பிறந்த குப்பை ஒழுங்கான வழியில் செல்கிறது என்பதே அதன் பயன். நெதர்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர் அட் லான்சிங்க் 1979இல் முன்வைத்த, பின்னர் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டநெறியில் இடம்பெற்ற கழிவு ஏணியில், தவிர்த்தல் முதற்படியாகவும், மறுபயன்பாடு அதற்கடுத்தும், மறுசுழற்சி அதற்குக் கீழும், எரித்து ஆற்றல் பெறுதலும் நிலத்தில் கொட்டுதலும் கடைசியிலும் வைக்கப்பட்டுள்ளன. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் இதே வரிசையை ஏற்றுக்கொண்டவைதாம். 2026 ஏப்ரல் 1 முதல் அவற்றின் இடத்துக்கு வந்த புதிய விதிகள், ஈரக்கழிவு, உலர்கழிவு, சுகாதாரக் கழிவு, தனிக்கவனம் தேவைப்படும் கழிவு என நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. ஏட்டில் முதற்படியாக உள்ள தவிர்த்தல், செலவுக் கணக்கில் மட்டும் கடைசிப் படியாகவே நீடிப்பது வருந்தத்தக்கது.

தவிர்த்தலை முதற்படியில் வைத்ததற்கு இயற்பியலில் ஓர் ஆழ்ந்த காரணம் உண்டு. செறிந்திருந்த ஒன்று சிதறிப் பரவுவது தானாகவே நிகழும். சிதறியதை மீண்டும் ஓரிடத்தில் செறியவைப்பதற்கு எப்போதும் ஆற்றல் செலவிட்டாக வேண்டும். வெப்ப இயக்கவியல் இந்தச் சிதறலின் அளவை என்ட்ரோபி என்று அழைக்கிறது. பிளாஸ்டிக் பைகள் சாயல்குடியின் மொத்த விற்பனைக் கடைக்கு வந்திறங்கும்போது ஒரே கட்டாக, ஒரே வகையாக, தூய்மையாக இருக்கின்றன. ஒரு வாரத்துக்குள் அவை பல ஊர்களின் தெருக்களிலும் கருவேலங்காட்டு முட்களிலும் மீன் சதையும் மண்ணும் ஒட்டிய நிலையில் பரவிவிடுகின்றன. கட்டாக இருக்கும்போது அவற்றை நிறுத்துவதற்கு ஒருவரின் முடிவு போதும். பரவியபின் திரட்டுவதற்கோ நூற்றுக்கணக்கானோரின் உழைப்பும் எரிபொருளும் தண்ணீரும் தேவைப்படுகின்றன. அப்படித் திரட்டி உருக்கினாலும், ஒவ்வொரு முறை உருக்கும்போதும் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் அறுபட்டுக் குறுகுவதாலும், வெவ்வேறு வகைப் பிளாஸ்டிக்குகள் ஒன்றோடொன்று கலவாததாலும், கிடைப்பது முன்னதைவிடத் தரம் குறைந்த பொருளே.

கடலாடிப் பகுதியின் நிலமும் காற்றும் இந்தச் சிதறலை மேலும் விரைவுபடுத்துகின்றன. கோடையில் வீசும் கச்சான் காற்று இலேசான பைகளையும் பொட்டலத் தாள்களையும் வெட்டவெளியில் உருட்டிச் சென்று சீமைக்கருவேல முட்களில் மாட்டிவிடுகிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதியைத் தரும் வடகிழக்குப் பருவமழை, மாதக்கணக்கில் தேங்கிய அனைத்தையும் வரத்துக்கால்கள் வழியே கண்மாய்களுக்குள் தள்ளுகிறது. மடைகளில் அடைத்துக்கொள்பவை போக எஞ்சியவை குண்டாற்றிலும் ஓடைகளிலும் இறங்கி மூக்கையூர்ப் பக்கம் கடலை அடைகின்றன. அந்தக் கடல் சாதாரணக் கடலன்று. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. 1989இல் அப்பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக விரிவாக்கப்பட்டது. அத்தீவுகளுள் ஒன்றான நல்லதண்ணித் தீவு கடலாடிக் கடற்கரைக்கு நேரெதிரே உள்ளது. தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகளுக்குப் பிளாஸ்டிக் என்ன செய்யும் என்பதை, ஆசிய பசிபிக் பகுதியின் 159 பவளத்திட்டுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு காட்டியது: பிளாஸ்டிக் படாத பவளத்துக்கு நோய் வரும் வாய்ப்பு 4 விழுக்காடாக இருக்க, பிளாஸ்டிக் படிந்த பவளத்துக்கு அது 89 விழுக்காடாக உயர்ந்திருந்தது. ஒளியும் உயிர்வளியும் தடைபட்டு, உராய்வுப் புண்களின் வழியே நுண்ணுயிர்கள் நுழைவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. கண்மாயில் அடைத்துக்கொண்ட பையை எடுத்துவிடலாம். பவளத்தின்மேல் படிந்ததை எடுக்க ஆழ்நீச்சல் வீரர் வேண்டும், அவர் எடுக்கும்போதே பவளம் முறியவும் கூடும்.

குறைக்க வேண்டுமானால் எதைக் குறைப்பது என்று முதலில் தெரிந்தாக வேண்டும். நகரங்களுக்கென வகுத்த விழுக்காடுகளைச் சிற்றூர்களுக்குப் பொருத்துவது பெரும் பிழையில் முடியும். ஏனெனில் காய்கறித் தோலையும் பழைய சோற்றையும் ஆடு, மாடு, கோழிகள் தின்றுவிடும் ஊரில், நகரக் குப்பையில் பாதிக்கு மேல் இருக்கும் ஈரக்கழிவு வெகுவாகக் குறைந்து, பொதியுறைகளே முன்னிற்கும். உண்மையான கலவையை அறியும் முறை எளியது: பல தொழில் செய்யும் வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் ஏழு நாள் குப்பையைத் தொடர்ந்து திரட்டி, தரையில் குவித்துப் பரப்பி, நான்காகப் பகுத்து, எதிரெதிரான இரு பகுதிகளை நீக்கிவிட்டு, எஞ்சியதை மீண்டும் கலந்து நான்காகப் பகுத்து, கையாளத்தக்க அளவுக்கு வந்ததும் வகைவாரியாக எடைபோட வேண்டும். கடலாடியில் இதை ஆண்டுக்கு ஒருமுறை செய்வது போதாது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை நிலவும் காலத்தில் மீன் இறங்குதளத்தின் குப்பை வேறு. முண்டு மிளகாய் களத்துக்கு வரும் காலத்தில் உட்பகுதி ஊர்களின் குப்பை வேறு. பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சும் பருவத்தில் சாயல்குடி, நரிப்பையூர்ப் பக்கத்துக் குப்பை வேறு. எடை ஒன்றை மட்டும் பார்ப்பதும் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும், ஏனெனில் ஆயிரம் ஷாம்பு பொட்டலத் தாள்களின் எடை ஒரு செங்கல் அளவைக்கூட எட்டாது. எண்ணிக்கையையும், எந்தக் கடை வழியாக வந்தது என்பதையும் சேர்த்துக் குறித்தால்தான் திட்டத்துக்கு உதவும்.

இவ்வாறு வகைபிரித்துப் பார்ப்போர் கடலாடியில் முதலில் எதிர்கொள்ள வேண்டியது தண்ணீர். இப்பகுதியின் கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் பெரும்பாலும் உவர்நீரே கிடைப்பதால், குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு பெண்கள் நெடுந்தொலைவு நடப்பது பல ஊர்களின் அன்றாடக் காட்சியாக இருந்துவருகிறது. 1990களின் இறுதியில் நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைந்ததும், பின்னர் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் மாவட்டத்தை எட்டியதும் நிலைமையைத் தணித்தன. ஆயினும் குழாயில் நீர் வரும் நாளும் நேரமும் உறுதியாகத் தெரியாத இடங்களில், நீரை வாங்கிக் குடிப்பது பழக்கமாக வேரூன்றிவிட்டது. வாங்கும் நீர் எதிலாவது அடைபட்டே வர வேண்டும். தமிழ்நாடு அரசு 2018 ஜூன் மாதம் அறிவித்து 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் தடையின் 14 பொருள்களில் தண்ணீர் பாக்கெட்டும் ஒன்று. பாக்கெட்டைத் தடுத்த ஆணையால் தாகத்தைத் தடுக்க இயலாது என்பதால், அது நீங்கிய இடத்தைச் சிறு தண்ணீர் பாட்டில் பிடித்துக்கொண்டது. கடலாடி வட்டாரத்தின் பிளாஸ்டிக் குப்பையில் ஒரு பெரும்பங்கை, நம்பத்தக்க பொதுக்குடிநீர் இன்மையின் எச்சம் என்றே கொள்ள வேண்டும்.

ஓர் எளிய கணக்கு இதன் அளவை உணர்த்தும். ஆயிரம் பேர் கூடும் திருமணத்தில் ஆளுக்கொரு 300 மில்லிலிட்டர் பாட்டில் வைப்பதாகக் கொண்டால், பந்தி முடியும்போது ஆயிரம் பாட்டில்களும் ஆயிரம் மூடிகளும் குப்பையாகிவிடுகின்றன. அவற்றில் இருந்த நீர் மொத்தம் 300 லிட்டர். அதே நீரை 20 லிட்டர் கேன்கள் பதினைந்து கொண்டு வந்துவிடும், பந்திக்குப்பின் அவை நிரப்புமிடத்துக்கே திரும்பிச் செல்லும், எவர்சில்வர் டம்ளர்கள் கழுவி அடுக்கப்படும். ஆகவே ஊராட்சியொன்று தன் குப்பைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதத்தக்கவை, பேருந்து நிறுத்தத்திலும் சந்தையிலும் தர்கா, கோவில் வாசல்களிலும் சுத்திகரித்த குடிநீர்க் குழாய்கள், அவற்றைப் பழுதுபார்க்கும் ஏற்பாடு, நீரின் தரத்தை ஊரறிய எழுதிவைக்கும் பலகை ஆகியவையே. பலகை ஏன் தேவையெனில், குழாய் இருந்தும் அதன்மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் மக்கள் பாட்டிலையே வாங்குவர். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காதபோது 2,000 வரை அனுமதிக்கப்படுகிறது. இந்த எண்ணையும் குளோரின் அளவையும் வாரந்தோறும் குறித்துவைப்பது செலவில்லாத செயல். நீலகிரி மாவட்டத்தில் சிறு தண்ணீர் பாட்டில்களைத் தடை செய்தபோது, சுற்றுலா இடங்களில் குடிநீர் வழங்கும் தானியங்கி இயந்திரங்களையும் நிறுவினர் என்பது இங்கே கருதத்தக்கது. தடையும் மாற்றும் ஒன்றாக வந்தால்தான் தடை நிற்கும்.

தண்ணீருக்கு அடுத்துக் கவனத்தைக் கோருவது சிறு பொட்டலம். ஷாம்புவைச் சிறு பொட்டலத்தில் அடைத்து எளியோரும் வாங்கும் விலைக்கு விற்கும் முறையைப் பரவலாக்கியவர்களில் முன்னோடி கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய சிக் ஷாம்பு அம்முறையை ஊர்தோறும் கொண்டுசேர்த்தது. அன்றாடக் கூலியில் வாழ்வோருக்கு முழுப் புட்டியை வாங்கும் பணம் ஒரே நேரத்தில் கையில் சேராது என்ற உண்மைக்கு அது விடையளித்ததால், இம்முறையைப் பழித்து ஒதுக்குவது நியாயமாகாது. எனினும் வடிவியலின் விதி கடுமையானது. பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் ஒரு லிட்டர் கொள்ளும். அதன் மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். அதே ஒரு லிட்டரை இரண்டு சென்டிமீட்டர் பக்கமுள்ள, எட்டு மில்லிலிட்டர் கொள்ளும் 125 கனசதுரங்களாகப் பிரித்தால், அவற்றின் மொத்த மேற்பரப்பு 3,000 சதுர சென்டிமீட்டராகிவிடுகிறது. உள்ளிருக்கும் பொருள் கூடவில்லை. உறை மட்டும் ஐந்து மடங்காயிற்று. அந்த உறையும் பாலியஸ்டர், அலுமினியம், பாலித்தீன் எனப் பல மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்யப்பட்டதாகையால், அடுக்குகளைப் பிரிக்க இயலாமல் பழைய இரும்புக் கடைக்காரரும் அதை எடைக்கு எடுப்பதில்லை.

இதற்கான மாற்று மேல்நாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. ரேஷன் கடையாக அது ஊர்தோறும் இயங்கிக்கொண்டிருக்கிறது. அரிசியும் சர்க்கரையும் கோதுமையும் மூட்டையிலிருந்து அளந்து, குடும்ப அட்டைதாரர் கொண்டுவரும் பையில் போடப்படுகின்றன. மூட்டைச் சாக்கு மீண்டும் கிடங்குக்குச் செல்கிறது. உலகின் பல நகரங்களில் இன்று பொதியுறையற்ற அங்காடி என்று புதுமையாகத் திறக்கப்படும் கடைகளின் நடைமுறை இதுவேயாகும். பாமாயில் மட்டும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாக்கெட்டில் வருகிறது. அதனைப் பெரிய கலனில் கொண்டுவந்து அளந்து ஊற்றினால், கலப்படமும் எடைக்குறைவும் நேராதபடி கண்காணிக்க வேண்டும் என்பது மெய்யே. ஆனால் மண்ணெண்ணெயை அளந்து ஊற்றிய அதே கடைகளுக்கு அது அறியாத வேலையன்று. மளிகைக் கடைகளில் எண்ணெயையும் ஷாம்புவையும் பாத்திரக்கழுவித் திரவத்தையும் ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் அளந்து ஊற்றும் ஏற்பாட்டை மகளிர் சுய உதவிக் குழுக்களின் வழியே ஊராட்சி முயன்று பார்க்கலாம். சிறு தொகைக்குச் சிறு அளவு என்ற வசதி குலையாமல் உறை மட்டும் நீங்கும்.

பைகளைப் பொறுத்தவரை, 2021 டிசம்பர் 23 அன்று தொடங்கிய மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தமிழகமெங்கும் அறியப்பட்டது. அதன் நோக்கம் போற்றத்தக்கது. அதை நிறைவேற்றும் முறையில் ஒரு நுட்பம் கவனிக்கப்பட வேண்டும். ஒரு பொருளை மண்ணிலிருந்து எடுப்பது முதல் மீண்டும் மண்ணில் சேர்வது வரை அதனால் ஏற்படும் எல்லாப் பாதிப்புகளையும் கூட்டிப் பார்க்கும் கணக்கீட்டுக்கு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட அத்தகைய மதிப்பீட்டின்படி, ஒருமுறை மட்டும் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலில் குறைந்த பாதிப்பு என்ற நிலையை எட்டுவதற்கு ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். பருத்தி விளைவிக்கவும் நூற்கவும் நெய்யவும் அவ்வளவு நீரும் உரமும் ஆற்றலும் செலவாகின்றன. கடலில் மிதந்து ஆமையின் வயிற்றுக்குள் போகும் பையின் தீங்கை அக்கணக்கு சேர்க்கவில்லை என்பதால், பிளாஸ்டிக் பையே நல்லது என்று முடிவு கட்டிவிடலாகாது. ஆனால் ஒவ்வொரு விழாவிலும் புதிதாக அச்சடித்த துணிப்பையை ஆயிரக்கணக்கில் வழங்கி, அவை வீட்டு மூலையில் குவிய விடுவது மூலத்தில் குறைப்பதாகாது என்பது உறுதி. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பையைக் கடைக்கு எடுத்துச் செல்வோருக்குச் சிறு விலைச்சலுகை தருவது, புதுப் பை தருவதைவிடப் பயனுள்ள செயல்.

சாயல்குடி வட்டாரப் பனங்காடுகள் இதில் மற்றொரு வழியைத் தருகின்றன. பனையோலைக் கொட்டானும் ஓலைப்பெட்டியும் கடகமும் கருப்பட்டிக்கும் மீனுக்கும் நெடுங்காலம் பொதியுறைகளாக இருந்தவை. மரம் தண்ணீர் பாய்ச்சாமல் வளர்வது, ஓலை ஆண்டுதோறும் கழிக்கப்படுவது, பயன்பாடு முடிந்தபின் மண்ணோடு மண்ணாவது ஆகிய மூன்றாலும் வாழ்க்கைச் சுழற்சிக் கணக்கில் அவை மிக முன்னே நிற்கும். தடையாக இருப்பவை பனையேறுவோர் குறைந்துவருவதும், முடைவோருக்குக் கிடைக்கும் கூலி போதாமையும் ஆகும். பழமையின் பெருமையைப் பேசுவதால் இவை தீரா; திருவிழாப் பிரசாதத்துக்கும் அரசு விழாக்களுக்கும் ஓலைக்கொட்டானையே வாங்குவதென ஊராட்சிகள் ஆண்டுமுழுதுக்கும் விலை ஒப்பந்தம் செய்தால், முடைவோருக்கு வருமானம் உறுதியாகும்.

கடற்கரையில் கூடும் பெருங்கூட்டங்கள் தனிச் சிக்கல். இராமேசுவரத்தின் அக்கினி தீர்த்தத்தில் நீராடும் யாத்திரிகர் பலர், உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுச்செல்லும் வழக்கம் உடையவர்கள். ஆடி, தை அமாவாசை நாட்களில் துணி கரையெங்கும் ஒதுங்குகிறது. மாரியூர், சேதுக்கரை போன்ற தீர்த்தக் கரைகளிலும் அமாவாசை நாட்களில் மக்கள் கூடுகின்றனர். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழாவுக்கு மாநிலம் கடந்தும் வருகின்றனர். நம்பிக்கையோடு செய்யப்படும் செயலை அபராதத்தால் நிறுத்துவது எளிதன்று. புரோகிதர்களும் விடுதியினரும் ஊர்திகளை ஏற்பாடு செய்வோரும் யாத்திரிகரிடம் முன்கூட்டியே பேசி, துணியைக் கடலில் விடாமல் கரையில் அதற்கென அமைத்த இடத்தில் வைக்கச் செய்வதே நடக்கக்கூடியது. அப்படிக் கிடைக்கும் துணி உப்புநீரில் ஊறாததால் துவைத்து மறுபடி பயன்படும். திருமணம், காதுகுத்து போன்றவற்றுக்கு 2016 விதிகள் நல்ல பிடிமானத்தைத் தந்திருந்தன: உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை நடத்துவோர், மூன்று வேலைநாட்களுக்கு முன் உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றன அவை. அந்த அறிவிப்பு வரும்போது குப்பை இன்னும் பிறந்திருக்கவில்லை. தண்ணீர் கேன், எவர்சில்வர் டம்ளர், வாழையிலை ஆகியவற்றை வாடகைக்கும் விலைக்கும் தரும் குழுவின் தொடர்பை அந்நேரத்தில் கொடுத்துவிட்டால், ஒரு தாளில் முடிந்த வேலை ஒரு டிராக்டர் குப்பையைத் தவிர்க்கும்.

மீன்பிடியின் கழிவு, குப்பைத் திட்டங்களில் அறவே விடுபடுவது. பருத்தி வலை மறைந்து நைலானும் தங்கூசியும் வந்தபின், கிழிந்த வலை மக்குவதில்லை. கடலில் தொலைந்த வலை, ஆளில்லாமலே மீனையும் நண்டையும் பிடித்துக்கொன்றுகொண்டே இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகளில் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம் மேற்கொண்ட ஆய்வுகளில், பாறைகளில் சிக்கிய கழிவுகளுள் கைவிடப்பட்ட வலைகள் முதன்மையாக இருந்தன. மீனவர் வலையை விரும்பித் தொலைப்பதில்லை, அது அவருக்குப் பெரும் முதலீடு. பாறையில் மாட்டியும் மற்றொரு படகால் அறுபட்டும்தான் பெரும்பாலும் போகிறது. ஆனால் வலையைப் பழுதுபார்க்கையில் வெட்டி எறியும் துண்டுகளும், மீன் பொதியும் தெர்மாகோல் பெட்டிகளும் கரையிலேயே பிறப்பவை. வலை பின்னும் கூடத்திலேயே துண்டுகளை எடைக்கு வாங்கும் ஏற்பாடு இருந்தால் அவை மணலுக்கே வராது. சென்னைக் காசிமேட்டில் மாநில அரசு பழைய வலைகளை விலை கொடுத்து வாங்கத் தொடங்கியது இவ்வழியில்தான். தெர்மாகோலுக்கு மாற்றாக, கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் கெட்டியான குளிர்காப்புப் பெட்டிகளை மூக்கையூர் மீன்பிடித் துறைமுகத்தில் வாடகைக்குச் சுழலவிடுவது, மீன் கூட்டுறவுச் சங்கங்களால் இயலக்கூடிய செயல்.

திரும்பி வரும் கலனுக்கு விலை வைப்பதன் வலிமையைத் தமிழகம் கண்டிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கிய ஏற்பாட்டில், டாஸ்மாக் மதுப்புட்டி ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெறப்பட்டு, காலிப்புட்டியைத் திருப்பித் தரும்போது அது மீளக் கொடுக்கப்பட்டது. காட்டில் உடைந்து யானைகளின் கால்களைக் கிழித்துவந்த புட்டிகள் பெருமளவில் கடைக்குத் திரும்பின. கண்மாய்க் கரையிலும் வயலிலும் உடைந்த கண்ணாடியை மிதிக்கும் உழவரின் காலும் அதே அளவு காக்கப்பட வேண்டியதே.

உலக எடுத்துக்காட்டுகளில் கடலாடிக்கு அதிகம் கற்றுத்தருபவை இரண்டு. ஜப்பானின் காமிகாட்சு என்ற மலைச் சிற்றூர் 2003இல், 2020க்குள் குப்பையே இல்லாத ஊராவதென அறிவித்து, சுமார் 1,500 மக்களும் தங்கள் குப்பையை 45 வகைகளாகப் பிரிக்கும் ஒழுங்கை எட்டியது. மறுசுழற்சி 80 விழுக்காட்டை எட்டியபின் ஏறக்குறைய நின்றுவிட்டது. குழந்தைகளின் அணையாடை, பல பொருள்கள் ஒட்டிய செருப்பு போன்றவை எவ்வளவு பிரித்தாலும் எங்கும் சேரவில்லை. அந்த எஞ்சிய பங்கின் தீர்வு ஊராரின் கையில் இல்லை, செய்யும் தொழிற்சாலையின் கையில் இருந்தது. இத்தாலியின் கப்பன்னோரி ஊர் இதற்கு அடுத்த அடியை வைத்தது. அங்கே தொடக்கப்பள்ளி ஆசிரியர் ரொசானோ எர்கோலினி குப்பை எரியுலைக்கு எதிராகத் தொடங்கிய இயக்கத்தின் விளைவாக, 2007இல் ஊர் மன்றம் குப்பையற்ற நோக்கை ஏற்றது. 2010இல் எஞ்சிய குப்பையை ஆராய்வதற்கென்றே ஒரு மையம் திறக்கப்பட்டது. குப்பைப் பையைக் கிளறிய மையம், காப்பிக் குப்பிகள் மிகுதியாக இருப்பதைக் கண்டு, அவற்றைச் செய்யும் நிறுவனங்களிடமே மாற்று வடிவம் கேட்டது. ஊர் மன்றம் பொதுக் குடிநீர்க் குழாய்களையும், சொந்தப் புட்டியில் பால் நிரப்பிக்கொள்ளும் இயந்திரத்தையும் வைத்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 2004இல் 1.92 கிலோவாக இருந்த குப்பை, 2012இல் 1.18 கிலோவாகக் குறைந்தது. மறுசுழற்சி எவ்வளவு உயர்ந்தாலும் இத்தகைய குறைவு வந்திராது, ஏனெனில் இது பிறந்த குப்பையின் மொத்த அளவு.

கப்பன்னோரி செய்ததைச் செய்வதற்கான அதிகாரம் கடலாடி ஊராட்சிகளுக்கும் சட்டப்படி உண்டு. 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சேர்த்த பதினொன்றாம் அட்டவணை, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 துறைகளைப் பட்டியலிடுகிறது. துப்புரவு அதில் 23ஆவது இனம். மீன்வளம் 5ஆவது, குடிநீர் 11ஆவது, சந்தைகளும் திருவிழாக்களும் 22ஆவது, பொது வழங்கல் 28ஆவது. இந்த அத்தியாயம் இதுவரை கடந்துவந்த குப்பையின் பிறப்பிடங்கள் ஒவ்வொன்றும் அப்பட்டியலில் உள்ளன; குப்பைத் திட்டம் மட்டும் 23ஆவது இனத்துக்குள் அடைபட்டிருக்கிறது. பதினைந்தாவது நிதி ஆணையம் ஊராட்சிகளுக்கு வழங்கிய மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் சரிபாதியாக ஒதுக்கியது. குடிநீர்ப் பங்கில் அமைக்கும் நம்பத்தக்க பொதுக்குழாயொன்று துப்புரவுப் பங்கின் சுமையையும் குறைக்கும் என்பதை, கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் எழுதுவோர் இரு தலைப்புகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் காண முடியும்.

அளவீடும் மாற வேண்டும். எத்தனை டன் சேகரித்தோம் என்பதே சாதனையாக எண்ணப்படும்வரை, குப்பை குறைந்த ஊர் வேலை செய்யாத ஊராகத் தோன்றும். பிறக்காத குப்பையை எடைபோட இயலாது என்பதால், அதை அறிய முந்தைய ஆண்டின் அளவோடும், திட்டம் தொடங்காத பக்கத்து ஊரின் அளவோடும் ஒப்பிட வேண்டும். கடைக்காரர் வாங்கும் பைக்கட்டுகளின் எண்ணிக்கை, மண்டபங்களுக்குச் செல்லும் பாட்டில் பெட்டிகளின் எண்ணிக்கை, பொதுக்குழாயில் ஓடிய நீரின் அளவு ஆகியவை அந்த ஒப்பீட்டுக்கு எளிதில் கிடைக்கும் சான்றுகள்.

இவற்றையெல்லாம் தீர்மானிக்க வேண்டிய இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் 2022 முதல் அது ஆண்டுக்கு ஆறுமுறை கூடுகிறது. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு உலக நீர் நாளான மார்ச் 22உம், உள்ளாட்சி நாளான நவம்பர் 1உம் சேர்க்கப்பட்டன. இராமநாதபுரம் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிவடைந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் சென்றது. வண்டி வாங்குவதும் தொட்டி வைப்பதும் அலுவலரின் கையெழுத்தால் நடந்துவிடும். எந்தக் கடை எதை அளந்து ஊற்றும், எந்த மண்டபம் பாட்டில் வைக்காது, எந்தக் கரையில் துணி வாங்கப்படும் என்பவையோ ஊரார் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் சொல்லால் மட்டுமே நடப்பவை. மழைக்காலத்தின் நடுவே வரும் நவம்பர் முதல் நாள் கூட்டத்தில் முந்தைய மாதங்களின் குப்பைப் பகுப்பாய்வையும், கோடையின் வாயிலில் வரும் மார்ச் 22 கூட்டத்தில் குடிநீர்க்குழாய்களின் நிலையையும் கணக்காக வைத்தால், அடுத்த கச்சான் வீசத் தொடங்குமுன் எதை நிறுத்தலாம் என்று கடலாடியின் ஒவ்வோர் ஊரும் தானே தீர்மானிக்க முடியும்.